கரிசல் காட்டில் பொன்னேர்

வசந்த காலம் என்றதும் நம் கவிகள் ஒரு படம் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறார்கள். மாமரம் தளிர் விட்டிருக்கும், குயில் கூவும், தென்றல் வீசும், தடாகத்தில் தாமரை மலர்ந்திருக்கும். அந்தப் படத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பங்குனி மாதக் கடைசியில், மதுரையிலிருந்து தெற்கே போகும் ரயிலில் ஏறி உட்காருங்கள். விருதுநகர் தாண்டி, சாத்தூரும் தாண்டிக் கோவில்பட்டியை நெருங்கும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பாருங்கள். கவிகள் நம்மை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும்!

தளிரும் இல்லை, தடாகமும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கன்னங்கரேலென்ற மண். அதுவும் சும்மா கிடக்கவில்லை. பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. சில வெடிப்புகளில் கையை விட்டால் முழங்கை வரை உள்ளே போகும். (விட்டுப் பார்க்க வேண்டாம். அந்த வெயிலில் நிழல் தேடி அங்கே ஒதுங்கியிருக்கும் ஜீவராசிகளுக்கு அது பிடிக்காது.) நடு நடுவே ஒற்றைப் பனைகள்; எங்கு பார்த்தாலும் வேலிக்கருவேல்; அபூர்வமாக ஒரு வேப்பமரம்.

ஆனால் ரயிலை விட்டு இறங்கி அந்த வேப்பமரத்தடிக்குப் போய்ப் பாருங்கள். கீழே வெள்ளை வெளேரென்று பூ உதிர்ந்து கிடக்கும். காற்றில் ஒரு கசப்பு கலந்த இனிப்பு வாசனை. சாலையோரத்தில் பனை ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுக்கிறார்கள். பக்கத்தில் நுங்குக் குவியல். காட்டில் எங்கோ ஒரு பருத்திப் புஞ்சையில் கடைசி வெடிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த பருத்திக்கு மாசி, பங்குனிதான் வெடிக்கும் காலம். கறுப்பு மண்ணில் அந்த வெள்ளை வெடிப்பதைப் பார்த்தால், தாமரைத் தடாகத்தை மன்னித்துவிடலாம்.

ஆகவே, வசந்தம் வந்துதான் இருக்கிறது. ஆனால் கரிசலுக்கே உரிய ரீதியில் வந்திருக்கிறது.

கோவில்பட்டி ஊருக்குள் போனால் அது இன்னும் நிச்சயமாகத் தெரியும். அங்கே சுவாமியின் பெயர் பூவனநாதர்; அம்பாளின் பெயர் செண்பகவல்லி. இந்த வறண்ட பூமிக்கு நடுவே பூ வனமும் செண்பகக் கொடியும் எங்கிருந்து வந்தன என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? பெயர் வைத்த முன்னோர்கள் ஆசையில் வைத்தார்களோ, அல்லது அந்தக் காலத்தில் உண்மையாகவே வனமாக இருந்ததோ! எப்படியிருந்தாலும் பங்குனிப் பெருந்திருவிழாவின்போது அம்பாள் பெயருக்கு ஏற்றபடிதான் புறப்படுகிறாள். பங்குனி பிறந்து இருபது நாட்களுக்கு மேல் ஆனதும் கொடியேறுகிறது. ஒன்பதாம் நாள் தேர். பத்தாம் நாள் தீர்த்தவாரி. அதற்கு மறுநாள் தெப்பம். பங்குனியோடு தேர் நிலைக்கு வந்து, சித்திரை முதல் தேதியன்று தீர்த்தம் என்று கணக்கு அமைந்துவிடும். வருஷத்தை வழியனுப்பத் தேர், வரவேற்கத் தீர்த்தம்!

இந்தப் பத்து நாளும் சுற்றுக் கிராமங்களெல்லாம் டவுனுக்குள்தான் இருக்கும். ராட்டினம், வளையல் கடை, பலூன், ஊதல். கடலை மிட்டாயைப் பற்றி நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றுவிட்ட மிட்டாய் அது. ‘கோவில்பட்டி கடலை மிட்டாய்’ என்று கண்ட இடத்தில் விற்பவர்கள் இனி யோசித்துத்தான் விற்க வேண்டும். கோடை முற்றியதும் இந்த ஊருக்கு இன்னொரு திருவிழாவும் உண்டு. அது ஹாக்கி. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு வடக்கேயிருந்தெல்லாம் குழுக்கள் வந்து ஆடும்போது, பெட்டிக்கடைக்காரர் முதல் பெரிய வக்கீல் வரை பந்தை எப்படித் தள்ளியிருக்க வேண்டும் என்பதில் அபிப்பிராயம் வைத்திருப்பார்கள்.

மேற்கே சுமார் இருபது கிலோமீட்டரில் கழுகுமலை. அங்கே பங்குனி உத்திரம் விசேஷம். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடியது இந்த மலை முருகனைத்தான். கோயிலுக்குப் பின்னால் மலையேறினால், எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்காமலே விட்டுவிட்டுப் போன வெட்டுவான் கோயில் இருக்கிறது. அந்தப் பக்கமே சமண தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் வரிசை வரிசையாக. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இரண்டு வரியில் எழுதினால் பாவம்.

அதே உத்திரத்தன்று தென் மாவட்டத்துக் குடும்பங்கள் தங்கள் சாஸ்தா கோயிலைத் தேடிப் புறப்படுகின்றன. சென்னையிலும் மும்பையிலும் உத்தியோகம் பார்ப்பவர்கள் கூட, எந்தக் கண்மாய்க்கரையில் தங்கள் சாஸ்தா உட்கார்ந்திருக்கிறார் என்று பெரியவர்களைக் கேட்டு விசாரித்துக்கொண்டு வந்து பொங்கல் வைத்துவிட்டுப் போகிறார்கள். சிலர் அப்படியே லீவை நீட்டிச் சித்திரை முதல் தேதி வரை தங்கிவிடுகிறார்கள். அவர்கள் புத்திசாலிகள்! ஏனென்றால் நான் சொல்ல வந்த விசேஷம் அன்றைக்குத்தான் நடக்கிறது.

அதற்குப் பொன்னேர் என்று பெயர். நல்லேர், நாளேர் என்றும் சொல்வதுண்டு. சித்திரை முதல் நாளன்று, புது வருஷத்தின் முதல் உழவை ஊரே சேர்ந்து உழுவது.

டவுனிலிருந்து எட்டயபுரம் பக்கமோ, விளாத்திகுளம் பக்கமோ, புதூர்ப் பக்கமோ ஏதாவதொரு கிராமத்துக்கு முதல் நாள் இரவே போய்விடுங்கள். விடிந்து போனால் பாதியைக் கோட்டை விட்டுவிடுவீர்கள். இருட்டோடு வாசல் தெளித்துக் கோலம் போட்டாயிற்று. மாட்டைக் குளிப்பாட்டி, நெற்றிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, கழுத்தில் மாலையும் போட்டாயிற்று. கலப்பைக்கும் அதே உபசாரம். வீட்டுக்கு வீடு ஓர் ஓலைப்பெட்டி. அதில் கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, பருத்தி விதை என்று அந்த வீட்டில் இருக்கிற தானியங்களெல்லாம் கொஞ்சம் கொஞ்சம். ஏர்கள் ஒவ்வொன்றாக ஊர்க் கோயில் முன்னால் வந்து சேருகின்றன. பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நேரத்துக்குத் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, வரிசையாகக் காட்டுக்குப் புறப்படுகிறார்கள்.

எல்லாரும் அவரவர் நிலத்துக்குப் போவதில்லை என்பதைக் கவனியுங்கள். அதில்தான் இதன் ரகசியமே இருக்கிறது. ஊருக்குப் பொதுவாகத் தேர்ந்தெடுத்த ஒரு நிலத்துக்குப் போகிறார்கள். பெரும்பாலும் ஊருக்கு ஈசான மூலையில் இருப்பதாகப் பார்க்கிறார்கள். அங்கே ஒன்றன்பின் ஒன்றாக ஏர் பூட்டி, சூரியனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உழுகிறார்கள். பின்னாலேயே ஓலைப்பெட்டித் தானியத்தைத் தூவுகிறார்கள். பத்து ஏக்கர்க்காரர் சாலுக்குப் பக்கத்தில் அரை ஏக்கர்க்காரர் சால் ஓடுகிறது. எவ்வளவு உழுகிறார்கள் என்று கேட்காதீர்கள். சில சுற்றுத்தான். காய்ந்த கரிசலில் அன்றைக்கு அதற்கு மேல் ஓட்டினால் மாடு சாபமிடும்.

திரும்பி வரும்போது ஊர் எல்லையில் பெண்கள் குலவை போட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றி வரவேற்கிறார்கள். முறைக்காரர்கள் மேல் ஊற்றும்போது அந்தத் தண்ணீர் குடத்தோடு வருவதும் உண்டு. பிறகு பானகம், காப்பரிசி. ஊருக்கு ஊர் சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்கும். பெரியவர்களிடம் கேட்டால் தங்கள் ஊர் முறைதான் சரியான முறை என்று நிரூபித்தும் காட்டுவார்கள்.

எனக்கு இதில் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு, சொல்லிவிடுகிறேன். இந்தக் கரிசல் காட்டில் களை எடுப்பது பெண்கள். பருத்தி எடுப்பது பெண்கள். உளுந்து பறிப்பது பெண்கள். மற்ற நாட்களில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்குவதும் பெரும்பாலும் அவர்கள்தான். ஆனால் பொன்னேர் அன்று மேழி பிடிக்கும் கை ஆணின் கை. பெண்ணுக்கு மஞ்சள் தண்ணீர்க் குடம். ஒரு வருஷம் குடத்தை மாற்றிக் கொடுத்துப் பார்த்தால் என்ன?

சரி, காய்ந்து கிடக்கும் மண்ணில், ஒரு துளி மழை இல்லாத நாளில், எதற்கு இந்த உழவு? வெறும் சாஸ்திரம்தானா?

கொஞ்சம் மண்ணைப் பற்றிச் சொன்னால் புரியும். கரிசல் என்பது சாதாரண மண்ணல்ல. அதிலிருக்கும் களி, தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சுருங்கும்போதுதான் அந்த வெடிப்புகள். மழை பெய்துவிட்டால் செருப்போடு காட்டுக்குள் இறங்க முடியாது. நாலு அடி வைப்பதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் ஒட்டிக்கொள்ளும். ஆனால் குடித்த தண்ணீரை லேசில் விடாது. ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. கண்மாயும் ஊருணியும் மேகமும்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொடுப்பதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மாசி வரை பயிருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் படி அளக்கும் மண் இது. அதனால்தான் இதை வானம் பார்த்த பூமி என்கிறார்கள்.

அப்படி உறிஞ்ச வேண்டுமானால் மேல் மண் திறந்திருக்க வேண்டும். கோடை மழை ஒன்றிரண்டு விழுந்ததும் உழுது போட்டால், அடுத்த மழைத் தண்ணீர் ஓடிப் போகாமல் உள்ளே இறங்கும். களைச் செடி வேரோடு புரண்டு வெயிலில் காயும். மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலுக்கும் கொக்குக்கும் இரையாகும். கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பருத்தி, சோளம் என்று ‘கே’ எழுத்தைத் தாங்கிய பல ரகங்களைக் கொடுத்த இடம். மானாவாரி விவசாயத்துக்குக் கோடை உழவு நல்லது என்பது அங்கேயுள்ள விஞ்ஞானிகளுக்கும் உடன்பாடு. சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தத் தங்கத்தைக் கிளப்பும் ஏர் பொன்னேர் ஆகாமல் வேறென்ன ஆகும்?

2008இல் தமிழ்ப் புத்தாண்டைத் தை முதல் நாளுக்கு மாற்றிச் சட்டம் வந்தது. 2011இல் திரும்பவும் சித்திரைக்கே வந்தது. அந்த வாதப் பிரதிவாதங்களுக்குள் நான் போகவில்லை. ஆனால் பொன்னேரைத் தைக்கு மாற்றவே முடியாது. தையில் கரிசல் காட்டில் பயிர் நிற்கும். நிற்கிற பயிரில் யாராவது ஏர் பூட்டுவார்களா?

ஏர் பூட்டும்போது மங்கலம் பாடுவது நமக்குப் புதிதல்ல. கோவலனும் கண்ணகியும் காவிரிக்கரை வழியாக நடந்து போகும்போது உழவர்கள் ஏர்மங்கலம் பாடுவதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அது தண்ணீர் ஓடும் நாடு. இங்கே தண்ணீர் வருமா என்று தெரியாமலே மங்கலம் பாடுகிறார்கள். என்னைக் கேட்டால் இதற்குத்தான் அதிக நெஞ்சுரம் வேண்டும்.

இனிக் கொஞ்சம் சங்கடமான சமாசாரம். பொன்னேருக்கு வந்து நிற்கும் ஏர்களை எண்ணிப் பாருங்கள். பத்திரிகைகளில் ஒவ்வொரு வருஷமும் சித்திரை இரண்டாம் தேதி வரும் படத்தில் இரண்டு, மூன்று ஜோடி மாடுகள் முன்னால் நிற்கும். பின்னால் நிற்பது டிராக்டர்கள். சில ஊர்களில் மாடே இல்லை. டிராக்டருக்குத்தான் வாழை மரம் கட்டி, மாலை போட்டு, முகப்பு விளக்குக்கு நடுவில் சந்தனப் பொட்டும் வைத்திருக்கிறார்கள்.

‘ஐயோ, பழைமை போயிற்றே!’ என்று டவுனிலிருந்து போகிற நாம் உச்சுக் கொட்டுவது சுலபம். ஒரு ஜோடி காளையைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவரிடம் போய்ச் சொன்னால் அவர் கணக்குக் காட்டுவார். மானாவாரிக் காட்டில் காளைக்கு வருஷத்தில் சில வாரங்கள்தான் வேலை. வருஷம் முழுக்கத் தீனி போட வேண்டும். சோளத்தட்டையும் கம்பந்தட்டையும் விளைந்த காட்டில் இப்போது மக்காச்சோளம் விளைகிறது. மேய்க்கப் பையன் கிடையாது. அவன் காலேஜுக்குப் போகிறான், போகத்தான் வேண்டும். மழை பெய்து ஈரம் இருக்கும் அந்த நாலைந்து நாளைக்குள் விதைத்தாக வேண்டும் என்னும்போது, மாட்டு ஏர் ஒரு நாள் முழுக்க உழுவதை டிராக்டர் ஒரு மணி நேரத்தில் உழுதுவிட்டுப் போகிறது. யாரைக் குறை சொல்வது?

ஆனாலும் மாடு போனபோது மாடு மட்டும் போகவில்லை. ஒரு மர ஏர் காட்டுக்குப் போக வேண்டுமானால் எத்தனை பேர் கை பட வேண்டும் என்று யோசியுங்கள். ஆசாரி கருவேல மரத்தை இழைத்துக் கலப்பையும் நுகத்தடியும் செய்ய வேண்டும். கொல்லர் கொழுவைக் காய்ச்சி அடித்துக் கொடுக்க வேண்டும். தோல் வேலை செய்பவர் வாரும் வடமும் கொடுக்க வேண்டும். மேழியைப் பிடிக்க ஒருவர், விதை தூவ ஒருவர். பங்குனி கடைசியில் உலைக்களத்தில் கொழுவைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் ஊர் நியாயங்கள் பேசித் தீர்த்தார்கள். பொன்னேர் என்பது அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் நம்பியிருந்ததற்கு ஒரு நாள் திருவிழா. டிராக்டருக்கு இவர்களில் யாரும் வேண்டாம். கோவில்பட்டி ஒர்க்‌ஷாப்பும் பெட்ரோல் பங்கும் போதும்.

அந்தப் பழைய ஊரை நான் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஒற்றுமைக்குள்ளே முன்னால் நிற்பவர் யார், பின்னால் நிற்பவர் யார் என்ற வரிசையும் கண்டிப்பாக இருந்தது. தன் பெயரில் ஒரு சாண் நிலமில்லாமல் மற்றவர் ஏரை ஆயுசெல்லாம் ஓட்டியவர்கள் உண்டு. தோல் வேலை செய்த மனிதரின் வாழ்க்கை எப்படியிருந்தது என்பதை அறியப் பூமணியின் ‘பிறகு’ நாவலைப் படித்தால் போதும். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’, தெலுங்கு பேசும் குடியேறிகள் இந்தக் காட்டைத் திருத்தி ஊராக்கியதைச் சொல்கிறது. சோ. தர்மனின் ‘சூல்’, ஒரு கண்மாயும் அதை நம்பிய ஊரும் என்ன ஆயின என்பதைச் சொல்கிறது. இன்னொரு ஆச்சரியம்: கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் ஒரே ஊர்க்காரர்கள். கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவல். இருவரும் பிறந்தது 1923ஆம் வருஷம். அழகிரிசாமிக்கு 1970, கி.ரா.வுக்கு 1991, பூமணிக்கு 2014, சோ. தர்மனுக்கு 2019 என்று நாலு சாகித்திய அகாதமிப் பரிசுகள் இந்த வட்டாரத்துக்கு வந்திருக்கின்றன. மழை குறைந்த பூமியில் எழுத்து மட்டும் எப்படி இவ்வளவு விளைந்தது என்று யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.

கி.ரா. ‘கிடை’ என்று ஒரு குறுநாவல் எழுதியிருக்கிறார். கோடையில் அறுவடை முடிந்த வெறுங்காட்டில் ஆடுகளை இரவு முழுக்க அடைத்து வைப்பதுதான் கிடை. புழுக்கையும் கோமியமும் மண்ணுக்கு உரம், ஆட்டுக்காரருக்குக் கூலி. இந்தக் கிடையைப் பார்க்கும்போது எனக்குக் கடல் கடந்த ஓர் ஊரின் ஞாபகம் வரும். பிரான்ஸ் தேசத்தின் தெற்கே புரோவான்ஸ் என்று ஒரு பிரதேசம். அங்கேயும் வெயில், அங்கேயும் காய்ந்த சமவெளி, அங்கேயும் ஆடு. வசந்தம் முடியும் தறுவாயில் புல் காய்ந்ததும், ஆயிரக்கணக்கான ஆடுகளை ஆல்ப்ஸ் மலைக்கு ஓட்டிக்கொண்டு போவது அவர்களுடைய பழைய வழக்கம். போகிற வழியெல்லாம் நாட்கணக்கில் நடை. இப்போது அந்த ஆடுகள் பெரும்பாலும் லாரியில் ஏறி மலைக்குப் போய்விடுகின்றன. ஆனால் சான்-ரெமி என்ற சிற்றூர்க்காரர்கள் வருஷத்துக்கு ஒரு நாள், பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு மறுநாள் திங்கட்கிழமை, ஆடுகளை ஊரைச் சுற்றி நடத்திக் காட்டுகிறார்கள். மேய்ப்பர்களும் நாய்களும் கழுதைகளும் கூட வர, கடைக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டு வாசலில் நின்று பார்க்கிறார்கள்.

லாரி வந்த பிறகும் அவர்கள் நடையை விடவில்லை. இங்கே டிராக்டர் வந்த பிறகும் பொன்னேரை விடவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே அன்றைக்கு ஊரில் திரளுவது சுற்றுலாக்காரர்களின் கூட்டம். இங்கே வேடிக்கை பார்க்க நாம் யாரும் போவதில்லை. பந்தல் இல்லை, ஒலிபெருக்கி இருந்தால் உண்டு, டிக்கெட் கிடையவே கிடையாது. விதைக்கப் போகிறவர்கள் மட்டும்தான் வருகிறார்கள்.

அவர்கள் எண்ணிக்கைதான் கவலை. விதைத்ததைக் காப்பாற்றுவது கரிசலில் வரவரப் பெரும்பாடாகிவிட்டது. காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து மக்காச்சோளத்தை ஒரே ராத்திரியில் உழக்கிவிட்டுப் போகின்றன. 2018இல் படைப்புழு என்று ஒரு புதுப் பூச்சி வந்து குருத்துக்குள் புகுந்துகொண்டது. இன்னும் முழுக்க விட்டுப் போகவில்லை. மழை ஒரு வருஷம் வருவதில்லை; மறுவருஷம் அறுவடை நேரத்தில் வந்து உளுந்தைச் செடியிலேயே முளைக்க வைக்கிறது. மகன் சென்னையில், மருமகள் பெங்களூரில் என்று இருக்கும் வீட்டில், அறுபது வயது அப்பா ஓலைப்பெட்டியோடு வந்து நிற்கிறார். டிராக்டரை வாடகைக்குப் பேசி, ‘நாலு சுற்று ஓட்டப்பா, போதும்’ என்று கேட்டுப் பொன்னேர் நடத்துகிற ஊர்களும் உண்டு.

இதிலே எனக்குப் பிடித்த ஒன்று. மாடு இருந்த காலத்தில் மாடு இல்லாதவர் பொன்னேருக்கு வந்து வேடிக்கைதான் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு டிராக்டருக்குப் பின்னால் ஊரே நடக்கிறது. எல்லார் பெட்டியிலிருந்தும் தானியம் அந்த ஒரே உழவில் விழுகிறது. யார் வீட்டுக் கம்பு, யார் வீட்டு உளுந்து என்று பிரிக்க முடியாது. லீவில் வந்த பேரப் பிள்ளைகள் கொத்துக் கலப்பை போன தடத்தில் ஓடி ஓடித் தூவுகிறார்கள். முன்னோர்கள் பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார்களோ, சந்தோஷப்பட்டிருப்பார்களோ, எனக்குத் தெரியாது. நான் பார்த்தால் சந்தோஷப்படுகிறேன்.

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. தங்குவதற்குக் கோவில்பட்டியே சௌகரியம். நான்கு வழிச் சாலையும் ரயிலும் பக்கத்தில். சித்திரை முதல் தேதிக்கு முதல் நாளே போனால் செண்பகவல்லி அம்மன் தேரையும் பார்த்துவிடலாம். பொன்னேரைப் பார்த்துவிட்டு எட்டயபுரம் போனால், 1882இல் பாரதி பிறந்த வீடும், 1835இல் முத்துஸ்வாமி தீட்சிதர் சமாதி அடைந்த இடமும் இருக்கின்றன. மறுநாள் சனிக்கிழமையாக இருந்தால் அங்கே ஆட்டுச் சந்தையும் உண்டு. விடிவதற்கு முன்னே போக வேண்டும். தொப்பியோ துண்டோ கட்டாயம் கொண்டு போங்கள். காட்டில் யாராவது பதநீர் கொடுத்தால் மறுக்காதீர்கள். மறுத்தால் அது மரியாதையில்லை, புத்திசாலித்தனமும் இல்லை.

இன்னொன்று. தாய்லாந்தில் மே மாதம் ராஜாவின் பெயரால் ஓர் ஏர் விழா நடக்கிறது. பாங்காக் அரண்மனைக்குப் பக்கத்து மைதானத்தில் அலங்காரக் காளைகள் உழுது முடித்ததும், வேலிக்கு வெளியே காத்திருக்கும் ஜனங்கள் ஓடி வந்து, தூவிய நெல்லை ஒரு மணி விடாமல் பொறுக்கிக்கொண்டு போய்த் தங்கள் விதையோடு கலந்து வைப்பார்கள். கரிசலில் பொன்னேர் முடிந்து எல்லாரும் பானகம் குடிக்கப் போன பிறகு, அந்தப் பொது நிலத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். யாரும் எதையும் பொறுக்குவதில்லை. அடுத்த வாரம் மழை பெய்தால் சில முளைக்கும். அது வரை எறும்பும் புறாவும் மைனாவும் வந்து சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். யாரும் விரட்டுவதில்லை.